பதினைந்து அங்குல ரெயில்

பொருட்காட்சிக்குப் போகும் பெரியவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மைதானத்தின் மூலையில் சின்னஞ் சிறு ரெயில் ஒன்று வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஏறி உட்கார வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருக்கும். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் இருக்கும். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காகவே பகவான் குழந்தைகளைப் படைத்திருக்கிறார் என்பது நமது அபிப்பிராயம். "குழந்தை தனியாக உட்காரப் பயப்படும்" என்று நாலு பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, கௌரவத்துக்குப் பங்கமின்றி நாமும் ஏறிக்கொள்ளலாம்.

சில மாதங்களுக்கு முன் நாமும் அவ்விதமே செய்தோம். நம்முடன் ஏறியவள் நம் வீட்டுப் பேத்தி, ஐந்து வயது. முழங்கால் மோவாயில் இடிக்க நாம் ஒருவாறு மடங்கி உட்கார்ந்தோம். மணி அடித்தது, வண்டி புறப்பட்டது. குழந்தை மிகுந்த கவலையுடன் நம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாத்தா! இந்த ரெயில் எந்த ஊருக்குப் போகும்?"

"எந்த ஊருக்கும் போகாது, அம்மா! இப்படியே சுற்றி வந்து, ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டுவிடும்."

"அப்படியானால் இது நிஜ ரெயில் இல்லையா?"

இதற்கு நாம் பதில் சொல்லவில்லை. அதற்குள் வண்டி நின்றுவிட்டது என்பது ஒரு காரணம். பதில் தெரியவில்லை என்பது மற்றொரு காரணம். ரெயில் என்றால் என்ன என்று இஞ்சினீயர்களைக் கேட்டால் தண்டவாளம், சக்கரம், இஞ்சின் என்று அடுக்குவார்கள். குழந்தையோ ஒரே கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிட்டாள். ரெயில் என்றால் ஓர் ஊருக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அது ராட்டினத்துக்கு உறவு.

சரி, இவ்வளவு சிறிய ரெயில் உண்மையிலேயே ஓர் ஊருக்குப் போவது எங்கேயாவது உண்டா? விசாரித்துப் பார்த்தோம். உண்டு என்று தெரிந்தது. அது மட்டுமல்ல, அந்த ரெயிலின் கதையில் ஒரு விசித்திரமும் இருந்தது. கடல் கடந்து போய் அதில் ஏறும் பாக்கியம் நமக்குக் கிட்டவில்லை. படித்தும், படங்களைப் பார்த்தும் அறிந்ததை நேயர்களுக்குச் சொல்கிறோம்.

எது சிறிய ரெயில்?

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நீலகிரி ரெயிலை எல்லோரும் "பொம்மை ரெயில்" என்று கொஞ்சுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரையில் 46 கிலோமீட்டர் தூரம், பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மலை ஏறும் அந்த இஞ்சின் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும். அதன் தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி ஒரு மீட்டர்; அதாவது மூன்றேகால் அடிக்கும் சற்று அதிகம். டார்ஜிலிங் ரெயில் இன்னும் ஒடுக்கம். அதன் பாதை இரண்டடி அகலம். ஆனால் இவை இரண்டும் மலைக்காக ஒடுங்கியவையே தவிர, விளையாட்டுக்காகச் சிறுத்தவை அல்ல.

நாம் சொல்ல வந்த ரெயிலின் பாதை 15 அங்குலம். நம் நாட்டின் அகலப் பாதை 66 அங்குலம். 15 அங்குலம் என்பது ஒரு முழத்துக்கும் குறைவு. ஒரு மனிதன் இரண்டு தண்டவாளங்களின் மீதும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு சிரமமின்றி நிற்கலாம். அந்தப் பாதையில்தான் நெடுந்தூரம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு, நீராவி இஞ்சின் ஓடுகிறது.

சீமான் ஒருவரின் ஆராய்ச்சி

இந்த 15 அங்குலக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஸர் ஆர்தர் ஹேவுட் என்ற ஆங்கிலச் சீமான். 1849-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். மாதாகோயில் மணிகளை முறைப்படி அடிக்கும் கலையில் தேர்ந்து, மணியடிப்போருக்கென்று ஒரு மத்திய சபையை 1891-ல் ஸ்தாபித்தவரும் இவரே. எதைச் செய்தாலும் கணக்குப்படி, ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர் என்பது இதிலிருந்தே விளங்கும்.

பெரிய பண்ணைகளிலும் கல் குவாரிகளிலும் சாமான்களைக் குதிரை வண்டியில் ஏற்றி இழுப்பதால் எவ்வளவு காலமும் பணமும் வீணாகின்றன என்று அவர் யோசித்தார். பெரிய ரெயில் போடுவதென்றால் செலவு கட்டாது. ஆகவே, எவ்வளவு சிறிய ரெயில் போட்டால் உருப்படியான வேலை நடக்கும் என்ற கேள்வி எழுந்தது. டெர்பிஷயரில் டஃபீல்ட் என்னும் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே 1874-ல் சோதனையைத் தொடங்கினார். முன்னரே 9 அங்குலப் பாதையில் செய்து பார்த்ததில், வண்டிகளுக்கு ஸ்திரம் போதவில்லை. 15 அங்குலத்தில்தான் கணக்கு நின்றது. ஓரத்தில் ஒருவன் கால் வைத்து ஏறினாலும், உட்கார்ந்தவன் அஜாக்கிரதையாக ஒரு பக்கம் சாய்ந்தாலும், வண்டி கவிழாமல் இருப்பதற்கு இதுவே குறைந்த அளவு என்பது அவருடைய முடிவு.

நேயர்கள் இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ரெயிலைச் சிறியதாக்குவது சட்டையைச் சிறியதாகத் தைப்பது போன்ற காரியம் அல்ல. ஒரு பொருளின் நீள அகல உயரங்களை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால், அதன் கனம் இருபத்தேழில் ஒரு பங்காகிவிடும். இஞ்சின் இதற்கு இணங்கும். மனிதன் இணங்க மாட்டான். நம் ஊர்ப் பெரிய ரெயில் பெட்டி ஏறக்குறைய நாற்பது டன் கனம். அதில் எண்பது பேர் ஏறினாலும் அவர்களுடைய கனம் ஐந்து டன்னுக்குமேல் போகாது. நாம் ஏறினோமா, இறங்கினோமா என்பதைப் பெட்டி லட்சியம் செய்வதே இல்லை. சிறிய ரெயிலிலோ, ஏறுகிறவர்களின் கனம் பெட்டியின் கனத்தையே நெருங்கிவிடும். பருத்த சரீரமுள்ள ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தால் வண்டிக்குத் தெரியும். ஆகையால்தான் அதில் ஆசனங்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைக்கிறார்கள். யாரும் எழுந்து நிற்பதற்கில்லை.

இஞ்சினுக்கும் இதே கஷ்டந்தான். கொதிகலம் சிறுத்துவிட்டபடியால் அதில் அடங்கும் தண்ணீர் கொஞ்சம். அது வேகமாகச் செலவாகிவிடும். அடுப்பு சிறியது; அடிக்கடி கொஞ்சங் கொஞ்சமாகக் கரி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். சற்று அசந்தால் நீராவி இறங்கிவிடும். பெரிய இஞ்சின் மன்னிக்கும் பிழையைச் சிறிய இஞ்சின் மன்னிப்பதில்லை.

ஹேவுட் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தாமே இஞ்சின்கள் செய்தார். செங்குத்தான ஏற்றங்களும் குறுகிய வளைவுகளும் வேண்டுமென்றே அமைத்து ஓட்டிப் பார்த்தார். எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு போஜன வண்டியும், நாலு பேர் படுத்துறங்க ஒரு சயன வண்டியும்கூடச் செய்துவைத்தார். எல்லாவற்றையும் விவரித்து ஒரு புத்தகமும் எழுதினார். தம்முடையது பொம்மை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பண்ணைகள் வாங்கும், குவாரிகள் வாங்கும், ராணுவம் வாங்கும் என்று நம்பிக் காத்திருந்தார்.

ராணுவம் வாங்கவில்லை. மற்றவர்களிலும் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் ஒருவரே துணிந்து வாங்கினார். தம் ஈட்டன் மாளிகைக்கு நிலக்கரி கொண்டு வருவதற்காக, சுமார் மூன்று மைல் தூரத்துக்கு 1896-ல் பாதை போடச் செய்தார். அது நன்றாகவே உழைத்தது. ஆயினும் அதைப் பார்த்து வேறு பிரபுக்கள் யாரும் முன்வரவில்லை. ஹேவுட் 1916-ல் காலமானார். பிரெஞ்சு தேசத்துப் போர்க்களங்களில் இரண்டடிப் பாதைச் சிறு ரெயில்கள் பீரங்கிக் குண்டுகளைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சிறிய ரெயிலால் பெரிய வேலை நடக்கும் என்று அவர் நாற்பது வருஷம் சொன்னது மெய்யாயிற்று. ஆனால் அவருடைய அளவில் அல்ல. டஃபீல்ட் தோட்டத்துத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

அவர் 1894-ல் செய்த "மியூரியல்" என்ற இஞ்சின் மாத்திரம் தப்பியது. எப்படித் தப்பியது என்பதைச் சொல்கிறோம்.

பள்ளத்தாக்கில் ஒரு மறுபிறவி

இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகள் நிறைந்த மலைநாட்டில், ரேவன்கிளாஸ் என்ற கடலோர ஊரிலிருந்து எஸ்க் ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கி, இரும்புக் கனிமம் கொண்டுவருவதற்காக 1875-ல் மூன்றடிப் பாதை ஒன்று போட்டார்கள். சுரங்கத் தொழில் நொடித்தது, ரெயிலும் நொடித்தது. 1913-ல் அடியோடு நின்று, பாதையில் புல் முளைத்தது.

அப்போது மாதிரி இஞ்சின்கள் செய்து விற்பதில் பெயர் பெற்றிருந்த பாஸெட்-லோக் என்பவர், 1915-ல் அந்தப் பாதையைக் குத்தகைக்கு எடுத்து, தண்டவாளங்களை நெருக்கி 15 அங்குலமாக்கினார். விளையாட்டு இஞ்சின்கள் வேலை செய்யுமா என்று சோதிப்பதற்கு அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. வெகு சீக்கிரத்தில் அந்தச் சோதனை ஊராரின் சொத்தாகிவிட்டது. வேனிற்காலத்தில் பிரயாணிகள் வந்தார்கள். குவாரியிலிருந்து கருங்கல்லும் இறங்கி வந்தது. ஹேவுடின் "மியூரியல்" இங்கேதான் வந்து சேர்ந்தது. 1927-ல் அதற்குப் புதிய கொதிகலம் வைத்து "ரிவர் அர்ட்" என்று பெயர் மாற்றினார்கள். உள்ளே ஹேவுடின் சக்கரங்களும் சட்டமும். வெளியே புதிய வேஷம். கிழவர் செய்த வேலை ஒன்றேகால் நூற்றாண்டு கடந்தும் அழியாமல் நிற்கிறது.

இந்த ரெயிலும் ஒரு சமயம் போக இருந்தது. 1960-ல் ஏலத்துக்கு வந்தது. பழைய இரும்பு வியாபாரிகள் வாங்கினால் பெயர்த்து விற்றுவிடுவார்கள். ஊராரும் ரெயில் அபிமானிகளும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்துப் பணம் திரட்டினார்கள். போதாத தொகையைத் தனவந்தர் இருவர் கொடுத்துதவ, ரெயில் பிழைத்தது. இன்றும் ஏழு மைல் ஓடுகிறது.

பந்தயக்காரர் இருவர்

இனி, நாம் முதலில் சொன்ன விசித்திரத்துக்கு வருவோம்.

1920-க்குப் பிந்திய வருஷங்களில் இங்கிலாந்தில் மோட்டார்ப் பந்தயப் பித்துப் பிடித்த தனவந்தர்கள் பலர் இருந்தனர். அவர்களில் ஒருவர் லூயி ஸ்பொரோவ்ஸ்கி பிரபு. விமான இஞ்சின்களை மோட்டாரில் பூட்டி "சிட்டி பாங் பாங்" என்று பெயர் வைத்து ஓட்டியவர். இவருடைய தகப்பனாரும் 1903-ல் மோட்டார்ப் பந்தயத்திலேயே உயிரிழந்தவர். மற்றொருவர் காப்டன் ஹௌவி. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் நடுவில் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அதன் வருமானத்தால் பணத்துக்குக் குறைவில்லை.

இரு நண்பர்களும் வேகத்தில் திளைத்தவர்கள். மோட்டார் அலுத்துப்போன ஒரு நாளில், சொந்தமாக ஒரு ரெயில் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றிற்று. பொம்மை ரெயில் அல்ல. பெரிய எக்ஸ்பிரஸைப் போலவே இரட்டைப் பாதையும், கைகாட்டிகளும், வேகமும் உள்ள ரெயில். ஹென்றி கிரீன்லி என்ற நிபுணரைக் கொண்டு, பெரிய எக்ஸ்பிரஸ் இஞ்சினின் மூன்றில் ஒரு பங்கு அளவில் இரண்டு இஞ்சின்களுக்குப் படம் எழுதச் செய்தார்கள். ஸ்பொரோவ்ஸ்கி கோல்செஸ்டரில் உள்ள தொழிற்சாலைக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டார்.

இஞ்சின்கள் வந்தபோது அவற்றைப் பார்க்க அவர் இல்லை. 1924 அக்டோபரில் இத்தாலியில் மான்ஸா பந்தயத்தில் மோட்டார் மரத்தில் மோதி, தம் 29-ஆவது வயதில் மாண்டுபோனார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஹௌவியின் சொந்தச் சகோதரரும் பிரெஞ்சு தேசத்தில் ஒரு பந்தயத்தில் இறந்தார்.

அநாதையாய் நின்ற இரண்டு இஞ்சின்களையும் ஹௌவி ஏற்றுக்கொண்டார். ஓட்டுவதற்குப் பாதை வேண்டுமே! கிரீன்லி தேடிக் கண்டுபிடித்தது கென்ட் மாகாணத்தின் கடற்கரையில் உள்ள ராம்னி சதுப்பு நிலம். தட்டையான தரை. ஆட்டு மந்தைகள், வாய்க்கால்கள், சிற்றூர்கள். ஒரு கோடியில் ஹைத், நடுவில் டிம்சர்ச், அப்பால் நியூ ராம்னி. சட்டப்படி அனுமதி பெற்று வேலை தொடங்கினார்கள். வேலை முடியுமுன்னரே, 1926 ஆகஸ்டில், பின்னால் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகன் வந்து ஓர் இஞ்சினைத் தாமே ஓட்டிப் பார்த்தார். ஆசைக்கு அரசகுமாரனென்றும் ஆண்டியென்றும் உண்டா? பொருட்காட்சியில் நமக்கு ஏற்பட்ட கூச்சம் மாத்திரம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1927 ஜூலை 16-ஆம் தேதி ஹைத்துக்கும் நியூ ராம்னிக்கும் இடையே ரெயில் திறந்துவிடப்பட்டது. மறு வருஷம் டஞ்சனெஸ் முனை வரை நீண்டது. மொத்தம் பதின்மூன்றரை மைல். ஒரு பணக்காரரின் விளையாட்டு ஆசை இவ்விதம் பூர்த்தியாயிற்று. ஹௌவி தாமே இஞ்சினில் உட்கார்ந்து, தமக்குப் பிடித்த வேகத்தில் ஓட்டி மகிழ்ந்தார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நாம் இதை எழுதியிருக்க மாட்டோம்.

விளையாட்டு வேலையாயிற்று

டிக்கெட் ஒன்றை விற்ற மாத்திரத்தில் விளையாட்டுக்காரனின் சுதந்திரம் போய்விடுகிறது. ஒன்பது மணிக்கு வண்டி என்று போட்டால், மழையானாலும் மனம் இல்லாவிட்டாலும், ஒன்பது மணிக்கு விட்டாக வேண்டும். யாரோ முன்பின் அறியாத ஒருத்தி கைக்குழந்தையுடன் ஸ்டேஷனில் காத்திருக்கிறாள். ஹௌவியின் ரெயிலுக்கும் இந்தக் கடமை மெள்ள மெள்ள வந்து சேர்ந்தது.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ராம்னி கடற்கரைக்கு நேர் எதிரே, கால்வாய்க்கு அப்பால், எதிரி நின்றான். ரெயிலை ராணுவம் எடுத்துக்கொண்டது. "ஹெர்குலிஸ்" என்ற இஞ்சினுக்கு இரும்புக் கவசம் பூட்டி, துப்பாக்கிகள் ஏற்றிய வண்டிகளை முன்னும் பின்னும் கோத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள கவச ரெயில் கடற்கரையைக் காவல் காத்தது. பின்னர், கடலுக்கடியில் குழாய் போட்டு பிரான்ஸுக்கு எண்ணெய் அனுப்பும் மகா பிரயத்தனம் நடந்தபோது, அதற்கான சாமான்களையும் இந்த ரெயில் சுமந்தது. பண்ணைகளுக்கும் ராணுவத்துக்கும் சிறிய ரெயில் உதவும் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன ஹேவுடை இங்கே நாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய 15 அங்குலத்துக்கு ராணுவ உத்தியோகம் கிடைத்தது. ஆனால் அவர் இறந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, வேறொருவரின் விளையாட்டு ரெயிலில்!

யுத்தம் முடிந்தபோது பாதை உருக்குலைந்திருந்தது. 1946-ல் நியூ ராம்னி வரை மறுபடி திறந்தார்கள். 1947 மார்ச்சில் டஞ்சனெஸ் வரை திறந்துவைக்க வந்தவர்கள் யார் தெரியுமா? நம்மவர்களையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த லாரலும் ஹார்டியுமே. ஹார்டியின் சரீரத்தை நினைத்தால், பெட்டியின் கனத்தைப் பற்றி நாம் மேலே சொன்ன கணக்கு நேயர்களுக்கு ஞாபகம் வரலாம். நியூ ராம்னிக்கு அப்பால் முன்பு இருந்த இரட்டைப் பாதை ஒற்றைப் பாதையாகிவிட்டது; இன்றும் அப்படியே இருக்கிறது.

ஹௌவி 1963-ல் காலமானார். சொத்து கைமாறிற்று. பாலங்கள் பழுதாயின, வருமானம் குறைந்தது, மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1972-ல் ரெயில் அபிமானிகள் சிலர் கூடி வாங்கிக் காப்பாற்றினார்கள்.

அதற்குச் சற்று முன்னால் வேறொரு காரியம் நடந்திருந்தது. அந்தப் பிரதேசத்துக்குப் பெரிய ரெயிலும் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஹைத் ஊருக்கு அது வருவது 1951-லேயே நின்றது. நியூ ராம்னிக்கும் 1967-ல் பிரயாணி வண்டிகள் நின்றுபோயின. கணக்குப் பார்த்தார்கள், கட்டவில்லை, நிறுத்திவிட்டார்கள். பெரிய ரெயில் போன ஊர்களில் சிறிய ரெயில் மாத்திரம் கூவிக்கொண்டிருந்தது.

1977-ல் அந்த ஜில்லாவின் நிர்வாகிகள் இந்தச் சிறிய ரெயிலிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள். நியூ ராம்னியில் உள்ள உயர்தரப் பள்ளிக்கூடத்துக்கு, வழியில் உள்ள ஊர்களின் பிள்ளைகளை, பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் கொண்டுவிட்டு மாலையில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவன் மழை பெய்தால் வரமாட்டான். பள்ளிக்கூடப் பிள்ளை மழையிலும் வருவான். மார்கழிப் பனியிலும் வருவான். கணக்குப் பரீட்சை அன்றும் வந்தாக வேண்டும். இருட்டு விலகாத குளிர்காலக் காலையில், பாடப் புத்தகங்களைச் சுமந்த பிள்ளைகளுடன் 15 அங்குலப் பாதையில் வண்டி ஓடிற்று. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. 2015 வரையில், 38 வருஷ காலம். 1983-ல் வந்த டீஸல் இஞ்சின் ஒன்றுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையே சூட்டினார்கள். அரசகுமாரன் ஓட்டினான் என்பதைவிட இது பெரிய கௌரவம் என்பது நம்முடைய எண்ணம்.

கட்டணம்

நிஜ ரெயிலாக இருப்பதற்கு ஒரு கட்டணம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்த ரெயில் பல சாலைகளைக் குறுக்கிட்டுச் செல்கிறது. சிறிய ரெயில்தானே என்ற அலட்சியம் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு எளிதில் வரும். விளக்கு எரிந்தும் நிற்காமல் வந்த மோட்டார்களினால் மோதல்கள் நேர்ந்தன. பெரிய ரெயிலில் மோட்டார் மோதினால் நசுங்குவது மோட்டார். டிரைவர் உயரத்தில் பத்திரமாக இருப்பார். இங்கே டிரைவர் தரைக்குச் சற்றே மேலே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருப்பது மெல்லிய தகடு. 2003-ல் ஒரு டிரைவரும், 2005-ல் மற்றொரு டிரைவரும் இவ்விதம் வேலையில் இருக்கும்போதே உயிர் துறந்தார்கள். அதன் பிறகு, பெரிய ரெயில்களுக்கு உள்ளதுபோலவே, தானே இறங்கும் தடுப்புக் கம்பங்களைச் சாலைகளில் அமைத்து வந்திருக்கிறார்கள்.

"பொம்மை ரெயில்" என்ற கொஞ்சலில் இப்படி ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒன்றைப் பொம்மை என்று சொல்லிவிட்டால், அதை ஓட்டுகிறவனும் பொம்மை என்று மனம் நினைத்துவிடுகிறது. ரெயில் சிறியது, அதில் இருக்கும் உயிர் முழு அளவுள்ளது.

இருவரில் யார்?

ஹேவுட் விளையாட்டை வெறுத்தவர், பயனையே கருதியவர். அவர் வழியில் வந்த 15 அங்குலப் பாதைகள் இன்று பெரும்பாலும் உல்லாசப் பிரயாணிகளின் பொழுதுபோக்கு. ஹௌவி பயனைக் கருதாதவர், விளையாட்டையே விரும்பியவர். அவர் போட்ட பாதை கடற்கரையைக் காத்தது. ஒரு தலைமுறைக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்த்தது. இருவருக்கும் பலன் மாறிப் போயிற்று. விதி என்பார் விதி என்று சொல்லட்டும். நமக்கு வேறு காரணம் தோன்றுகிறது. ஹேவுட் ரெயிலின் அளவைத்தான் கண்டுபிடித்தார். அவருடைய தோட்டத்துப் பாதை எவ்வளவு சிறந்ததாயினும், தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஹௌவியின் ரெயிலுக்கு ஊர்கள் இருந்தன. ஊர்களில் மனிதர்கள் இருந்தார்கள். மனிதர்களுக்குப் போகவேண்டிய இடங்கள் இருந்தன. அவர்கள் அதை விளையாட்டாக இருக்க விடவில்லை.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்போக் மாகாணத்திலும் இதற்கு அத்தாட்சி உண்டு. வெல்ஸ் என்ற கடலோர ஊருக்கும் வால்ஸிங்ஹாம் என்ற யாத்திரை ஸ்தலத்துக்கும் இடையே ஓடிய பெரிய ரெயில் 1964-ல் நின்றுவிட்டது. கைவிடப்பட்ட அந்தத் தடத்தின்மேல், கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், பத்தேகால் அங்குல அகலமே உள்ள பாதையைப் போட்டு 1982-ல் ரெயில் விட்டார். அதாவது ஒரு சாணுக்குச் சற்று அதிகம். ராம்னியைவிடச் சிறியது. அதுவும் நாலு மைல் போய் ஓர் ஊரில்தான் நிற்கிறது.

குழந்தையின் தீர்ப்பு

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, நம் வீட்டு நீதிபதியிடம் மறுபடி வழக்கை எடுத்துக்கொண்டு போனோம். கடற்கரையோரமாக ஒரு குட்டி ரெயில் ஓடுகிறது என்றும், அந்தக் கோடியில் கூழாங்கற்கள் நிறைந்த வெட்ட வெளியில் கலங்கரை விளக்கமும், பழைய ரெயில் பெட்டிகளையே வீடாக்கிக் கட்டிய குடிசைகளும் இருக்கின்றன என்றும், பிள்ளைகள் அதில் பள்ளிக்கூடம் போனார்கள் என்றும் சொன்னோம். இஞ்சின் எவ்வளவு உயரம் என்று கையால் காட்டினோம். யார்க் கோமகனைப் பற்றியும் சொன்னோம். அவரைப் பற்றி அவள் சிரத்தை காட்டவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பள்ளிக்கூடம் விட்டதும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வண்டி வந்து நிற்குமா, தாத்தா?"

"நிற்கும், அம்மா. தினமும் வந்து நிற்கும்."

குழந்தை சிறிது நேரம் யோசித்தாள்.

"அப்படியானால் அது நிஜ ரெயில்தான்" என்றாள்.